கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சூரத்துன் நிஸாவின் 29-வது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் தின்னக்கூடாது என்று ஆரம்பிக்கிற வசனம் அது. வியாபாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, உங்களை நீங்களே கொலை செய்துகொள்ளாதீர்கள் என்ற தடையைப் போடுகிறான் ரப்புல் ஆலமீன். இவ்வளவு பெரிய தடையைப் போட்டுவிட்டு வசனத்தை எப்படி முடிக்கிறான்? நரகத்தைச் சொல்லி அல்ல. நான் உங்கள் மீது ரஹ்மத் உடையவனாக இருக்கிறேன் என்றுதான் முடிக்கிறான். எச்சரிக்கை அடுத்த வசனத்தில் வருகிறது. முதலில் வந்தது ரஹ்மத். இன்று இந்த மிம்பரில் நான் பேசப்போகும் விஷயத்தையும் அந்த வரிசையில்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், நம் தமிழ்நாட்டில் மட்டும் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். ஒரு நாளைக்கு 54 பேர். அந்த ஒரே வருடத்தில் இந்தியா முழுவதும் 13,044 மாணவர்கள். இதில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். நம் சமுதாயத்தில் இது நடக்காது என்று சொல்லிக்கொண்டிருப்பது கபர்ஸ்தானில் மண் தள்ளியவர்களுக்கே தெரிந்த பொய். நடக்கிறது. மவ்த்து வீட்டில் "திடீர்னு நெஞ்சு வலி" என்று சொல்லி மூடிவிடுகிறோம், அவ்வளவுதான்.

வாலிபர்களுக்குப் படிப்பு, பரீட்சை, வேலை, கல்யாணம், கடன், செல்போனில் வந்த ஒரு அவமானம், இப்படி ஆயிரம் காரணம் சொல்லப்படுகிறது. அதையெல்லாம் பற்றிப் பேச வேறு ஜும்ஆக்கள் இருக்கின்றன. இன்று ஒரே ஒரு விஷயம். மனம் உடைந்த அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது.

இது மார்க்கத்தில் இல்லாத புதுப் பேச்சு அல்ல. ஒருவர் அம்புகளோடு மஸ்ஜிதுக்குள் நடந்து வருகிறார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பார்த்து, அம்பின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ளும்படி சொல்கிறார்கள் (புகாரி). அவர் யாரையும் குத்த வந்தவரா? இல்லை. தொழ வந்தவர். இருந்தாலும் முனையை மூடு என்கிறார்கள். உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குவதையும் தடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதி). உறையில் போட்டுக் கொடு என்பது கருத்து. சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டாதே என்று சொன்ன ஹதீஸில் ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தக் கையை ஷைத்தான் எந்த நொடியில் இழுத்துவிடுவான் என்பது நீட்டியவனுக்கே தெரியாது (புகாரி).

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். மனிதன் கெட்டவன் என்று அந்த ஹதீஸ் சொல்லவில்லை. ஒரு நொடி இருக்கிறது, அந்த நொடியில் அவன் அவனாக இருப்பதில்லை என்று சொல்கிறது. அந்த நொடியில் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது.

இன்னொரு ஹதீஸ், அபூதாவூதில் வருகிறது. சுற்றிலும் தடுப்பு இல்லாத மொட்டை மாடியில் இரவு படுத்துத் தூங்குகிறவனுக்கு இனிப் பாதுகாப்புப் பொறுப்பு இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மாடியில் படுப்பவன் விழ வேண்டும் என்று படுப்பதில்லை. தூக்கத்தில் புரளுகிறவனுக்குத் தான் புரளுவது தெரியாது. அதற்காகத்தான் கைப்பிடிச் சுவர். இன்று நம் வீடுகளில் எத்தனை மாடிகள் சுவரில்லாமல் கிடக்கின்றன என்பதுதான் என் கேள்வி. செங்கல் மாடியைச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு வந்தால் துப்பாக்கியில் ஆரம்பிப்பார்கள். அங்கே தற்கொலை மரணங்களில் பாதிக்கும் மேல் துப்பாக்கியால் நடக்கிறது. அதனால் அங்குள்ள டாக்டர்கள், பள்ளிவாசல்களின் இமாம்கள்கூட, துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டு, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டு, சாவியைப் பிள்ளைக்குத் தெரியாமல் வை என்று சொல்கிறார்கள். நம் குன்றத்தூரில் எத்தனை வீட்டில் துப்பாக்கி இருக்கிறது? விரல் விட்டு எண்ணலாம். நம் வீட்டுத் துப்பாக்கி வேறு. அது பரணில் இருக்கிற எலி மருந்து. தோட்டத்துக்கு வாங்கி மிச்சம் வைத்த பூச்சிமருந்து. ஃபிரிட்ஜ் மேல் ஸ்வீட் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் நன்னா, நன்னியின் மாத்திரைகள். இதற்கு லைசென்ஸும் இல்லை, பூட்டும் இல்லை.

துப்பாக்கி பற்றி நமக்குத் தெரிந்த ஒரு நடைமுறை இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊர்ப் பெரிய மனிதராக இருப்பார், ரிட்டையர்டு ராணுவ வீரராக இருப்பார். அவரை யாரும் கொலைகாரர் என்று சந்தேகப்படவில்லை. அந்தச் சில வாரங்கள் ஊரில் சூடு அதிகம், அதனால் ஆயுதம் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும் என்கிறது சட்டம். தேர்தல் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். ஒரு வீட்டுக்கும் அப்படிச் சூடான நாட்கள் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் வாரம். நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன மாதம். பையனுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அடுத்த வேலை கிடைக்காத நாட்கள். அந்த நாட்களில் வீட்டிலிருக்கும் ஆபத்தான பொருளை வீட்டை விட்டே வெளியே அனுப்புங்கள். இதில் பிள்ளைக்கு அவமானம் எதுவும் இல்லை.

சாக வேண்டும் என்று முடிவெடுத்தவனை யார் தடுக்க முடியும், இதைப் பூட்டினால் வேறு வழி தேடிக்கொள்ள மாட்டானா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத் தெரிகிற கேள்வி. ஆனால் உண்மை அப்படி இல்லை. உயிர் பிழைத்தவர்களைக் கேட்டு டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பலருக்கு அந்த எண்ணம் உச்சத்துக்குப் போனதற்கும் செயலுக்கும் நடுவே இருந்தது சில நிமிடங்கள். நாட்கள் அல்ல. அந்த அலை ஏறுகிறது, இறங்குகிறது. இறங்கும் வரை கைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளை தப்பித்துவிடுகிறது. அப்படிப் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், நம் பக்கத்து ஸஃபில் நின்று தொழுகிறார்கள்.

இதற்குக் கடல் தாண்டி ஒரு சாட்சி இருக்கிறது. நம் இலங்கை. 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று அது. கிராமத்து வாலிபர்கள்தான் அதிகம் போனார்கள். அரசாங்கம் என்ன செய்தது? 1995 முதல் படிப்படியாக, உயிரைக் கொல்லும் தன்மை அதிகமுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தது. அந்த மக்களின் கவலை தீர்ந்துவிட்டதா? போர் நடந்தது, சுனாமி வந்தது, வறுமை இருந்தது. ஆனாலும் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. 1995-லிருந்து 2015 வரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் விளைச்சலும் குறையவில்லை. 93,000 பேர், சகோதரர்களே! ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போல என்று அல்லாஹ் சொல்வதை (அல்குர்ஆன் 5:32) இங்கே வைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் செய்து பார்த்திருக்கிறார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் பூ விவசாயம் செய்யும் கிராமங்களில், டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பொது இடம் கட்டி, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். மருந்து வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2013-ல் அதன் முடிவு வெளியானது. பெட்டி வைத்த கிராமங்களில் பூச்சிமருந்தால் நடக்கும் தற்கொலைகள் குறைந்தன. 1986-ல் சென்னையில் சினேகா அமைப்பை ஆரம்பித்தவரும் அந்த அம்மாதான். பரீட்சையில் தவறிய பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே எழுதுகிற துணைத் தேர்வு நம் மாநிலத்தில் வந்ததற்குப் பின்னாலும் அவர்களுடைய முயற்சி உண்டு. முஸ்லிம் அல்லாத ஒரு பெண்மணி நம் பிள்ளைகளுக்காகவும் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். மிம்பரில் நன்றி சொல்வது நம் கடமை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கடைகளில் எலி மருந்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிடக்கூடாது, தனியாக வந்து கேட்பவருக்குக் கொடுக்கக்கூடாது என்று 2022-ல் சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் சொன்னார். அதன்பின் ஒரு வகை எலி பேஸ்டுக்கே தடை வந்தது, ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடையும் வந்தது. இந்த ஜும்ஆவில் மளிகைக் கடை, உரக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் இன்றே சொல்லி வையுங்கள். முகம் வாடி வந்து நிற்கிற பிள்ளைக்கு "ஸ்டாக் இல்லைப்பா, உட்கார், ஒரு டீ சாப்பிடு" என்று சொல்வதால் போகிற வியாபாரம் எத்தனை ரூபாய்?

இப்போது வீட்டுக்கு வருவோம். எலி அன்றும் இருந்தது. எலி விளக்குத் திரியை இழுத்துப்போய் வீட்டையே கொளுத்திவிடும் என்பதால், தூங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள் (புகாரி). எலிக்குப் பொறி வையுங்கள். இரும்புக் கூண்டு கிடைக்கிறது. மருந்தே வேண்டாம். வயல், தோட்டம் இருப்பவர்கள் பூச்சிமருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தை மோட்டார் ரூமில் பூட்டுப் போட்டு வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், அது சின்னக் குழந்தைக்கும் ஆபத்து.

மாத்திரை விஷயத்தில்தான் நாம் ரொம்ப அசட்டை. சுகர், பிரஷர், தூக்க மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்கிறோம். மவ்த்தானவருடைய மாத்திரைகூட வருடக்கணக்கில் டிராயரில் கிடக்கிறது. பழையதைத் தூக்கிப் போடுங்கள். இருப்பதை பீரோவில் பூட்டுங்கள், சாவி ஒரு பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். வீட்டில் ஒரு பிள்ளை மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு வார மாத்திரைக்கு மேல் வீட்டில் வேண்டாம், அதையும் அத்தாவோ அம்மாவோ கையால் எடுத்துக் கொடுங்கள். அந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். ஓதிப் பார்க்கலாம், அதோடு டாக்டரும் வேண்டும்.

நம் ஊர் நிலைமை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஊர் நம்முடையது. அத்தா நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது பிள்ளை பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுகிறது. ஒரே வீட்டில் இருந்தும் வாரக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, வாடகையும் ஃபீஸும் கட்ட வேண்டுமே. ஆனால் கண் பார்க்க முடியாத வீட்டில் பூட்டாவது பார்க்கட்டும். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கும் வாலிபர்களுக்கும் சொல்கிறேன். பீகாரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து வேலை பார்க்கிறான் உங்கள் ரூம்மேட். அவனுக்கு இங்கே அத்தா, அம்மா நீங்கள்தான். இரண்டு நாள் சாப்பிடாமல், ஷிஃப்டுக்குப் போகாமல், தன் பொருளையெல்லாம் பிறருக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தால் அவனைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

மவ்த்து அல்லாஹ் எழுதிய நேரத்தில்தானே வரும், பூட்டு எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்கலாம். இதே கேள்வி உமர் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஷாம் தேசத்தில் பிளேக் பரவியபோது படையோடு போனவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கு ஓடுகிறோம் என்று உமர் (ரலி) பதில் சொன்னார்கள் (புகாரி). பூட்டும் கத்ர்தான்.

பூட்டு நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்தில் நாம் பேச வேண்டும். எப்படிப் பேசுவது? பிள்ளை "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால் நம்மில் அதிகம் பேர் உடனே செய்வது, "ஈமான் இருக்கிறவன் பேசுற பேச்சா இது" என்று அதட்டுவது. மர்யம் (அலை) அவர்களைப் பாருங்கள். பிரசவ வேதனையும் ஊர்ப்பேச்சின் பயமும் ஒன்றாக வந்தபோது, இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டவளாகப் போயிருக்கக் கூடாதா என்று அந்தத் தாய் சொன்னார்கள் (அல்குர்ஆன் 19:23). ஈமானில் அவர்களுக்கு மேலே நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்ற குரல் வந்தது. காலடியில் தண்ணீர் வந்தது. மரத்திலிருந்து பேரீச்சம்பழம் விழுந்தது. சாப்பிடு, குடி, கண் குளிர இரு என்று சொல்லப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்லப்பட்டது. பக்கத்தில் இருப்பது, தண்ணீர், சாப்பாடு, ஊர் வாயிலிருந்து பாதுகாப்பு. உபதேசம் அதில் இல்லை. நம் வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் நாமும் இதைத்தான் செய்ய வேண்டும்.

நேராகக் கேட்கவும் பயப்படாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதாம்மா?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மனதில் அடைத்து வைத்திருக்கிற பிள்ளைக்கு அது கதவைத் திறந்த மாதிரி. ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், எந்த டப்பாவோ அட்டையோ அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். பிள்ளை நன்றாகத்தானே பேசுகிறது என்று டாக்டர் சொல்வதற்கு முன் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். சில விஷங்கள் ஓரிரு நாள் கழித்துத்தான் உள்ளே வேலையைக் காட்டும். போலீஸ் கேஸ் ஆகும், பெயர் கெடும் என்ற பயத்தில் தாமதிக்கிற வீடுகள் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது. பழைய 309-வது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளும் இந்த ஜமாஅத்தில் இருக்கலாம். அவர்களைப் பார்த்து, உன் மகன் நரகவாசி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது. தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வது பெரும் பாவம், அதில் சந்தேகமில்லை. ஆனால் முஸ்லிம் ஷரீஃபில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த ஒருவர் நோயின் வேதனை தாங்காமல் தன் கைகளைக் காயப்படுத்திக்கொண்டு இறந்துபோனார். பிறகு துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல நிலையில் கண்டார்கள், கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் பொருட்டால் தன்னை அல்லாஹ் மன்னித்தான், கைகளை மட்டும் சரிசெய்யவில்லை என்று அவர் கனவில் சொன்னார். இதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மனிதரைத் திட்டவில்லை. யா அல்லாஹ், அவருடைய கைகளையும் மன்னித்துவிடு என்று துஆ செய்தார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் அப்படி இறந்தவருக்கு ஜனாஸா தொழுகை உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குத் தாமே தொழவைக்காமல் இருந்தது மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று ஏன், எப்படி என்று அந்தத் தாயைத் துருவாதீர்கள். சோறு கொண்டுபோய் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

இதைக் கேட்கிற, வாசிக்கிற வாலிபரே, அந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால் இன்று இரவு அதோடு தனியாக இருக்காதீர்கள். 14416, டெலிமானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். 104-லும் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. யாரிடமும் பேச முடியாவிட்டால் பள்ளிவாசலுக்கு வாருங்கள். எந்த வக்தாக இருந்தாலும் சரி, என்ன செய்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களின் நெஞ்சில் இருக்கும் இருட்டை நீ அறிவாய், அதை நீயே விலக்குவாயாக. பிள்ளையை இழந்த தாய், தந்தையருக்கு ஸப்ரைக் கொடுப்பாயாக. போய்விட்ட அந்தப் பிள்ளைகளை மன்னிப்பாயாக, அவர்களுடைய கைகளையும் மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.